மூக்குக்கண்ணாடி மேலே ஏறினால்

பாமா டீச்சருக்கு நடிக்கத் தெரியாது. அதுதான் அவளைப் பிடித்த சனியன். லோஹேகாவ் பள்ளியில் இந்தி வாத்தியாராக நிம்மதியாக இருந்தவளை, டிவியில் வரும் ஒரு சிரிப்பு சீரியலில் வாத்தியாராகவே நடிக்க இழுத்துப்போனார்கள். வாரக் கடைசியில் பாணேரில் ஷூட்டிங். சீரியலுக்கு ஒரு வழக்கம் உண்டு: டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டால், அடுத்து அவள் சொல்வதெல்லாம் பொய். சீரியலில் வரும் வகுப்பே "கலத்!" என்று கத்த வேண்டும். கலத் என்றால் தப்பு. அவளுடைய பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊரெல்லாம் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஹர்ஷா என்று ஒரு பெண். வீட்டில் தமிழ் பேசினாலும் இந்திக் கவிதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மகர்பட்டாவில் நடக்கும் போட்டிக்கு ஒரு வருஷமாக அவளைத் தயார்செய்திருந்தாள் பாமா. போட்டிக்கு முந்தின நாள் பகலில் மின்விசிறி ஓடவில்லை. வேர்வையைத் துடைக்கக் கண்ணாடியை மேலே தள்ளியபடி பாமா சொன்னாள்: "நாளைக்கு வண்டி ஒன்பது மணிக்கு இல்லை, ஏழு மணிக்கே கிளம்பும்."

"கலத்!" என்றது வகுப்பு. பிள்ளைகளின் குறும்பு என்று அவளும் சிரித்துவிட்டாள். புத்தி எங்கே போனதோ!

மறுநாள் ஏழு மணிக்கு ஹர்ஷா இல்லை. பாமா போன் அடித்தாள், எடுப்பாரில்லை. வண்டி நின்று பார்த்துவிட்டு மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு போய்விட்டது. ஒன்பது மணிக்குத் தலைவாரிப் பூ வைத்து வந்த பெண், கேட்டருகே நின்று தேம்பித் தேம்பி அழுதது. அதற்குள் போட்டியில் பேர் கொடுக்கும் நேரமும் முடிந்திருந்தது.

பாமா நேரே பிரின்சிபால் ஸ்ரீரஞ்சனியிடம் போனாள். இருவரும் தனியே பேசினால் தமிழ்தான்.

"மேடம், நான் சீரியலை விட்டுடறேன். கிளாஸ்ல நான் சொல்றத யாரும் நம்பறதில்ல."

"பைத்தியம் மாதிரி பேசாத பாமா. உன்னை டிவில பாத்துட்டுத்தான் அட்மிஷனே வருது. அத விட்டா இங்கயும் உனக்கு வேலை இல்ல, சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"சாரி சொல்லு. குழந்தைங்கதானே, மறந்துடுவாங்க."

வேலையை உதற வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. இங்கேயும் கோமாளி, அங்கேயும் கோமாளி. வகுப்புக்குள் நுழைந்தாள். ஹர்ஷா முதல் பெஞ்சில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஹர்ஷா, என்னாலதாம்மா நீ போக முடியல. என்னை மன்னிச்சுடு" என்று எல்லோர் முன்னாலும் தமிழிலேயே சொன்னாள். உடனே மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்க வேண்டுமே, கை தானாகக் கண்ணாடியை மேலே தள்ளியது.

"கலத்!"

வகுப்பே கைதட்டிச் சிரித்தது. ஹர்ஷா மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரின் தலைமேல் இருந்த கண்ணாடியையே பார்த்தாள்.

"இதுவும் ஜோக்கா, மிஸ்?"