நூறு கிராமில் ஐந்து கிராம் கொழுப்பு

தலையும் குடலும் நீக்கி, நான்கு நாள் உப்பில் ஊறி, இரண்டு நாள் புகை வாங்கிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த நூற்றுப் பன்னிரண்டு காட்டு வாத்துகளும், அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் காலை பத்தரை மணிக்குத் தெற்குப் பார்த்துத் திரும்பின. கதவு சாத்தியிருந்தது, காற்று இல்லை. மூன்று வாத்துகளைச் சோதனைக்கு எடுத்துப்போக வந்திருந்த ஆய்வுக்கூடத்து அம்மாள் அப்போது கையில் பையோடு நடுவில் நின்றிருந்தாள். கொக்கிகள் ஒருமுறை கிரீச்சிட்டன, அவ்வளவுதான். போன வருடமும் இதே வாரத்தில் திரும்பியதாகவும், அதனால் ருசி ஒன்றும் கெடுவதில்லை என்றும், வெளியே சொன்னால் வாங்குகிறவர்கள் தேவையில்லாமல் கேள்வி கேட்பார்கள் என்றும் புகைக்கூடத்துக்காரர் சொன்னார். மார்ச்சில் வடக்கே திரும்புமா என்று அவள் கேட்டாள். அதுவரைக்கும் சரக்கு தங்கினதில்லை என்றார் அவர். அவள் மூன்றை எடுத்துக்கொண்டு போய் அறுத்து, அரைத்து, எரித்துப் பார்த்தாள். நூறு கிராமில் புரதம் இருபத்தேழு கிராம், கொழுப்பு ஐந்து, உப்பு நான்கு, இரும்புச்சத்து ஆறு மில்லிகிராம், மீதியில் பெரும்பகுதி நீர். திசைக்கென்று படிவத்தில் கட்டம் இல்லாததால் குறிப்பு என்ற இடத்தில் ‘தெற்கு’ என்று எழுதினாள். மேலதிகாரி அதை அடித்துவிட்டு, இது சத்து அல்ல என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. உணவுப் பொட்டலங்களின் முதுகில் யாரும் படிக்காத சின்ன எழுத்தில் வருகிற எண்களைக் கண்டுபிடித்துத் தருவது அவளுடைய வேலை. கணவர் கூரை போடுகிறவர். ஆறு வருடம் முன்பு ஒரு கிடங்கின் கூரையிலிருந்து விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. படம் எடுத்துப் பார்த்த மூன்று டாக்டர்களும் மூன்று விதமாக உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை, ஊசியால் குத்தினால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. செய்தி வந்த அன்று அவள் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்று, பேருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி, அழுகைக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு அதைப் பற்றி நினைக்கிற பழக்கமே விட்டுப்போனது. காலையில் அவரைத் துடைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், வேலைக்குப் போவாள், மாலையில் வந்து மறுபடி துடைப்பாள். பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது அவருடைய தங்கை. அவள் தையல்காரி, கணவரோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி அண்ணனின் கட்டிலும், அதன் காலடியில் தங்கையின் தையல் இயந்திரமும் இருந்தன. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் கட்டிலின் ஓரத்தில் பையை வைத்துவிட்டு, அவரையும் ஒரு பார்வை பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

சோதனை முடிந்து மிஞ்சிய கறியைக் குப்பையில் போட மனம் வராமல் அவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள். அனுமதி எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கருத்த தோலை உரித்துப் போட்டு, மார்புக் கறியைக் குளிர்ந்த நீரில் மாலைவரை ஊறவைத்தாள்; இரண்டு முறை நீரை மாற்றியதில் உப்பு பாதிக்குமேல் இறங்கிவிட்டது. பிறகு சிறு தீயில், கொதிக்க விடாமல், நீர் லேசாக அசைகிற அளவுக்கு வைத்து வேகவிட்டாள். காட்டுப் பறவையின் கறியில் கொழுப்பு அதிகம் இல்லை. தீ கொஞ்சம் தூக்கினால் கயிறாகத் திரிந்து பல்லில் மாட்டும். அதனால் வெங்காயமும் மிளகும் போட்டு, கடைசியில் ஒரு கட்டி வெண்ணெயையும் போட்டு, கறியை நூல் நூலாகப் பிய்த்துக் கரண்டியில் கொடுத்தாள். ஆறு வருடமாகக் கஞ்சியை விழுங்க மட்டும் செய்த வாய், மென்றது. தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கிண்ணம் காலியான பிறகும் தாடை கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. ருசி பார்த்தீர்களா அண்ணி என்று அவள் கேட்டதற்கு, சோதனைக்கு வருவதைத் தின்கிற வழக்கம் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இல்லை என்று பதில் வந்தது.

அதன்பிறகு புகைக்கூடத்துக்காரரிடம் வாரம் இரண்டு வாத்து சொல்லிவைத்தாள். நவம்பர் முதல் வாரத்தில் கூரைக்காரர் படுக்கையில் தெற்கே தலைவைத்துத் திரும்பியிருந்தார். நேராகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி தெற்கு. நாலு நாள் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத் தையல்காரி கட்டிலையே திருப்பிவிட்டாள், இயந்திரத்தை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். மார்ச்சில் வடக்கே திரும்பினார். இயந்திரம் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த அக்டோபரில், எடை எழுபதைத் தாண்டிய அன்று, மெத்தையிலிருந்து நான்கு விரல் மேலே போனார். மற்றவர்கள் எடை கூடினால் கட்டில் கிரீச்சிடும். இவர் கூடக் கூட மேலே போனார். விரிப்பு மாற்றுவது சுலபமாயிற்று. மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் குனியாமலே முதுகைப் பார்த்து, படுக்கைப் புண் ஆறிவிட்டது, இதே உணவைத் தொடரவும் என்று எழுதிக்கொடுத்தார். டிசம்பருக்குள் மேசை உயரம் வந்தது. வெளிச்சத்தை மறைக்கிறார் என்று அளவு கொடுக்க வந்த ஒருத்தி சொன்னபோது தையல்காரி அண்ணனின் முழங்காலில் கைவைத்து மெதுவாக ஓர் அடி தள்ளிவிட்டாள். அவர் நகர்ந்து கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். போடவில்லை.

கம்பியைப் பற்றிக் கேட்ட அன்றுதான் மனைவி கணக்குப் போட்டாள். தெற்கே போகிற வாத்து கிளம்புமுன் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். புரதம் சிறகை அசைக்கும், வழிச்சோறு கொழுப்புதான். புகைவாத்தில் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் கொழுப்பு இருந்தது, தோலை உரித்ததில் அதிலும் பாதி போய்விட்டது. அவரைத் தூக்கியது வாத்து இல்லை, அவள் போட்ட வெண்ணெய். இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு எண் சரியாக வந்த திருப்தி இருந்தது. வேறொன்றும் இல்லை. மறுநாளிலிருந்து வெண்ணெயை நிறுத்தினாள்.

அவர் இறங்கினார். பொங்கின பால் சட்டென்று அடங்குவது போல இல்லாமல், குளத்து நீர் வற்றுவது போல, ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, ஜனவரி பாதியில் மெத்தையைத் தொட்டார். பசி மட்டும் இறங்கவில்லை. ஒரு கிண்ணம் தின்றவர் மூன்று கிண்ணம் தின்றார். தின்னத் தின்ன இளைத்தார். கொழுப்பில்லாத கறியை மட்டும் தின்கிற உடம்பு வயிறு நிறைய நிறையப் பட்டினி கிடக்கும் என்பது அவள் படித்த பாடத்திலேயே இருந்தது. கன்னம் ஒட்டியது, விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்த்து எழுதினாள்: அறுபத்தாறு, அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு. போன குளிருக்கு மேசை உயரத்தில் இருந்தவர் அடுத்த குளிருக்கு, வாத்துக் கூட்டம் வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போன காலையில், மெத்தையிலிருந்து ஒரு காகித அளவு எழும்பி, அங்கேயே நடுங்கி, திரும்ப விழுந்தார். அன்று முழுவதும் அப்படிப் பதினேழு முறை நடந்தது. தையல்காரி எண்ணினாள். மாலையில் அண்ணி வந்ததும் இயந்திரத்தை விட்டு எழுந்து, சமையலறையில் வெண்ணெய் இருந்த குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு வருடத்துக் கட்டிகள் பிரிக்காமல் இருந்தன. கடைக்காரர் பழக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருந்தார், அண்ணியும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“அவருக்குப் போடாத கொழுப்பெல்லாம் உங்களுக்குத்தான் ஏறியிருக்கு, அண்ணி,” என்றாள் தையல்காரி.

அண்ணி கறியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. எட்டு வருடத்தில் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

“கொழுப்பு போடல நீ,” என்றார்.

குரல் பழைய குரலாகத்தான் இருந்தது, கொஞ்சம் துருவேறி.

“தெரிஞ்சுதான் போடல.”

“தெரியும்.”

“போட்டா போயிடுவீங்க.”

அவருடைய கை லேசாக எழுந்து கரண்டியைத் தள்ளியது. கறி விரிப்பில் சிந்தியது. அவள் அதைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். வாசலில் நின்ற தையல்காரி, போகணும்னா போகட்டுமே அண்ணி, இங்க இருந்து மட்டும் என்ன பண்றார், மேல பாத்துட்டுத்தானே கிடக்கார் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சொன்னவளுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இவள் தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை. நடுங்கினால் தேவலை என்று தோன்றியது. எழுந்து போய் ஒரு கட்டி வெண்ணெயைப் பிரித்து அடுப்பில் வைத்தாள்.

அந்தப் பருவம் தவறிவிட்டது. அடுத்த அக்டோபருக்கு அவள் எதையும் தற்செயலுக்கு விடவில்லை. ஆகஸ்டிலிருந்தே தோலை உரிக்காமல், கருத்த மேல்பரப்பை மட்டும் கத்தியால் சுரண்டி ஊறவைத்தாள். வளர்ப்பு வாத்தின் கொழுப்பைத் தனியாக வாங்கி உருக்கி, அதில் கறியை மூழ்கவிட்டு அரை நாள் இளஞ்சூட்டில் வைத்தாள். நார் தளர்ந்து, தொட்டால் உதிர்கிற பதத்தில் வந்தது. எலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் ரொட்டி ஊறப்போட்டுக் கொடுத்தாள். அறுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்தைந்து, எழுபத்தொன்பது. அக்டோபர் கடைசி வாரத்தில் அவர் முதுகு கூரையில் இடித்தது. ஒரு சனிக்கிழமை காலை, டீ குடித்த கோப்பைகள் இன்னும் கழுவாமல் இருந்தபோது, அவர் ஜன்னல் பக்கமாக நகர்ந்து, தோளைச் சாய்த்து, வெளியே போனார். போகுமுன் ஏதோ சொன்னார். ‘போறேன்’ என்று சொன்னதாக மனைவியும், ‘வரேன்’ என்று சொன்னதாகத் தங்கையும் அன்று முழுக்கச் சாதித்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம் வேலை விஷயமாகத் தெற்கே போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள். யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை. குளிரில் பலபேர் போகிறார்கள்.

மார்ச் பதினெட்டாம் தேதி வந்தார். ஐம்பத்திரண்டு கிலோ, முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது, காலடியில் மட்டும் தூசியே இல்லை. வந்தவர் மூன்று நாள் தூங்கினார், நாலாம் நாள் எழுந்து நடந்தார். கோடை முழுக்க அக்கம்பக்கத்து வீடுகளின் கூரை ஒழுகலைச் சரிசெய்து கொடுத்தார், ஏணி கேட்காமல். இலையுதிரத் தொடங்கியதும் படுத்துக்கொண்டு தின்னத் தொடங்கினார். இப்படி ஐந்து வருடம் போனது. அவள் ஆகஸ்டில் கொழுப்பு உருக்கினாள், அக்டோபரில் ஜன்னலைத் திறந்துவிட்டாள், மார்ச்சில் எடை பார்த்தாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. வேலை இருந்தது, வேலை சரியாக நடந்தது. தையல்காரி இன்னும் இரண்டு இயந்திரம் வாங்கி, முன்னறையைக் கடையாக்கிக்கொண்டாள். தெற்கில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் அவள் அண்ணனிடம் கேட்டாள். தண்ணி இருக்கு, கொஞ்சம் சத்தம் இருக்கு என்று சொன்னார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆறாம் வருடம் செப்டம்பரில் ஒருநாள் மதியம் அவர் கிண்ணத்தைப் பாதியில் நிறுத்தி, கரண்டியை அவள் பக்கம் திருப்பினார். நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல என்றார். அவள் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, பிறகு எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடம் அறுத்தும் அரைத்தும் எரித்தும் அறிந்த கறி நாக்கில் பட்டது. முதலில் புகை, பிறகு இரும்பு, பிறகு சதுப்பு நிலத்து ஈரம், கடைசியில் கொழுப்பு மெதுவாக உருகி எல்லாவற்றையும் மூடியது.

“உப்பு இல்லையே,” என்றாள்.

“எத்தனை வருஷமா இல்ல.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“நீ கேக்கல.”

அவள் எழுந்துபோய் உப்பு எடுத்துவந்து தூவி, மீதிக் கிண்ணத்தைத் தின்று முடித்தாள். பசி எடுத்தது. இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டாள். அவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வாரம் நான்கு வாத்து தேவைப்பட்டது. புகைக்கூடத்துக்காரர் விருந்தாளிகளா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எடுக்காத விடுமுறை ஏகப்பட்டது சேர்ந்திருந்தது. ஐந்து மாதத்துக்கு விண்ணப்பித்தாள். காரணம் என்ற கட்டத்தில் உண்மையைத்தான் எழுதினாள். மேலதிகாரி இந்தமுறை அடிக்கவில்லை, திரும்பி வருகிற தேதி ஏறக்குறைய போதும் என்றார். அக்டோபர் கடைசியில் ஒரு காலை கடையைத் திறக்க எழுந்த தையல்காரி, சமையலறையில் அண்ணியின் கொண்டை விளக்கில் இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, விளக்கைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினாள். இருவருக்கும் தடித்த காலுறை தைத்துக் கொடுத்தாள்.

கிளம்புகிற வாரத்தில் அவள் பால்காரரிடம், மார்ச் வரைக்கும் நாத்தனாருக்கு மட்டும் ஒரு பாக்கெட் போட்டால் போதும் என்று சொன்னாள். இந்தத் தடவை ரெண்டு பேருமா போறீங்க என்று பால்காரர் கேட்டார். ரெண்டு பேரும்தான் என்றாள் அவள். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.