இரண்டு பெட்டிகளும் சேர்ந்து தாமதித்தன

பொய் எச்சரிக்கை ஒன்றை அனுப்பிச் சோதிப்பதற்கு முன் அபாயச் சங்கின் வயரைக் கழற்ற வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதை நான்தான் சொல்லித்தருவேன். திங்கட்கிழமை மத்தியானம் நானே மறந்தேன். மலைச்சரிவு நகர்ந்தால் மட்டும் ஊத வேண்டிய சங்கு, மறையூருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட் முழுக்க அலறியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனம் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியது. பாதிச் சவரத்தோடு ஒருவர். குழந்தை என்று தலையணையைத் தூக்கி வந்தவர் இன்னொருவர். மழையில் நனைந்தபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மட்டும் குடை பிடித்திருந்தேன். அதைத்தான் யாரும் மன்னிக்கவில்லை.

என் வேலை எளிது. சரிவின் உச்சியில், பம்ப் ஹவுஸ் பக்கத்துக் கம்பத்தில் ஒரு கருவி. அது ஆன்டெனா வழியே அனுப்பும் செய்தியை ஃபேக்டரி ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்குகின்றன. ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். எது சீக்கிரம் வாங்குகிறது, எது தவறவிடுகிறது, வாங்குவதற்கே எது அதிகமாக மூச்சுவாங்குகிறது என்று ஒப்பிட வேண்டும். ஜெயிப்பதன் கையில் சங்கு.

செவ்வாய்க்கிழமை பூமாரி அக்கா வெற்றிலை பாக்கோடு ஆபீஸுக்கு வந்தார். அவர் வீடு சரிவுக்கு நேர் கீழே.

"நாளைக்கு எம்மவளுக்குச் சடங்கு தம்பி. சாப்பிட வந்துரணும். அந்தச் சங்கத் தொட்ட, பந்தியில வச்சே கைய முறிச்சிருவேன்."

"நான் தொட மாட்டேங்க்கா. பொட்டி தானா ஊதுனாத்தான்."

"பொட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்லுதேன். எங்கண்ணன் சீர் கொண்டு இறங்கையில மேளச்சத்தம் மட்டுந்தான் கேக்கணும்."

அண்ணன் அழகுமலைதான் பம்ப் ஹவுஸ் காவல்காரர்.

புதன்கிழமை காலை கணக்கைப் பார்த்தேன். ஆபீஸுக்குள்ளிருந்தே நான் அனுப்பிய செய்திகளில் லினக்ஸ் ஒரு மயிரிழை முன்னால். இதைத்தான் போன மாதமே டீக்கடையில் அறிவித்திருந்தேன். மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டேன். பிறகு மலையிலிருந்து வந்த செய்திகளைப் பார்த்தேன். திங்கள் இரவிலிருந்து தாமதம். நடுநடுவே ஓட்டை. பழக்கதோஷத்தில் விண்டோஸைத் திட்டினேன். என் செல்லப்பிள்ளையிலும் அதே தாமதம், அதே இடத்தில் அதே ஓட்டை.

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒன்றாகத் தாமதித்தால், தப்பு அவர்களிடம் இல்லை, வழியில் இருக்கிறது. ஆபீஸ் பக்கத்துக் கேபிளை மாற்றினேன். மாற்றமில்லை. மழையா? போன வாரம் இதைவிடப் பெரிய மழையில் ஒரு செய்திகூடத் தவறவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான்: கம்பத்தின் ஆன்டெனா இப்போது எங்களைப் பார்த்து நிற்கவில்லை. ஆன்டெனா தானாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாது; அடியில் மண் நகர்ந்து கம்பம் சாய்ந்திருக்க வேண்டும். மண் சடாரென்று நகர்ந்தால்தான் கருவி கத்தும். நத்தைபோல் நகர்ந்தால் சும்மா இருக்கும். இனி அது கத்தினாலும் எங்களுக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்.

மேனேஜர் ராஜசேகரை அழைத்தேன். "சார், லயத்தைக் காலி பண்ணிரலாமா?"

"திங்கக்கிழமைதானே ஓட விட்டீங்க சதீஷ்? பாக்கலாம். மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

ஜன்னலுக்கு வெளியே மேளம் தொடங்கியிருந்தது. நானே ஊதலாம். இதுவும் பொய்யாகிவிட்டால் இந்தச் சங்குக்கு இனி ஒரு கோழிகூட வெளியே வராது. ஊதாமல் இருந்து, மலை இறங்கினால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும்…

அழகுமலைக்கு போன் போட்டேன்.

"அண்ணே, கம்பம் எப்படி இருக்கு?"

"மழையில நனைஞ்சிக்கிட்டு இருக்கு."

"நேரா நிக்குதாண்ணே?"

"சீர்த்தட்டெல்லாம் அடுக்கியாச்சு தம்பி. மருமவளுக்குக் கொலுசு எடுத்திருக்கேன், நல்ல கனம்."

"அண்ணே, கம்பம்."

"கீழ மேளக்காரனுவ காத்துக்கிட்டு நிக்கானுவ. நான் இறங்கணும்."

"அண்ணே, அக்கா வீடு அந்தச் சரிவுக்குக் கீழதான் இருக்கு. மருமகளும் அங்கதான் மணையில உக்காந்திருக்கா. சங்கு சுவிட்சுல கை வச்சிட்டுக் கேக்கிறேன். கம்பம் சாஞ்சிருக்கா, இல்லையா?"

போனில் தகரக் கூரையின் மழை. அதற்கும் பின்னால், பெரிய கல்லொன்றை மெதுவாக இழுப்பதுபோல் ஏதோ சத்தம்.

"சாஞ்சிருக்கு," என்றார் அழகுமலை. "திங்கக்கிழமை ராத்திரியே சாஞ்சிருச்சு. சொன்னா லயத்தக் காலி பண்ணிருவீக, சடங்கு நின்னுபோகும். தாய்மாமன் சீர் முடியட்டும்னு இருந்துட்டேன். இப்ப கம்பத்துக்கடியில மண்ணு வாயப் பொளந்து கெடக்கு. ஊது தம்பி. அவ ஏசுனா, நான்தான் சொன்னேன்னு சொல்லு."