பாயிண்ட் ஒன்னில் ஒரு வண்டி

1

இந்தக் கதை அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை இங்கேயே சொல்லிவிட்டால் கதை படுத்துவிடும். கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். வேறு விதமாகத் தொடங்கவும் முயன்றேன்.

'ஒலிக்கலைஞன் ஒருவன் இருளில் தனியாக அமர்ந்து...' வேண்டாம். என் அண்ணன் இருளில் உட்காருகிற ஆளில்லை. மிக்சிங் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, டீ ஆறுவது தெரிந்தும் குடிக்காமல், கழுத்து வலியோடு சினிமாவுக்குச் சத்தம் சேர்ப்பவன்.

'சில சத்தங்கள் காதுக்கானவை அல்ல...' நல்ல வரிதான். அதனாலேயே அதன் மேல் சந்தேகமாக இருக்கிறது.

2

தியேட்டரில் சத்தம் நம்மைச் சுற்றி வருகிறதல்லவா? முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து சேனல்கள். இவை போக ஆறாவது ஒன்று, வெடி, இடி, பூமி அதிர்வது போன்ற அடிச்சத்தங்களுக்கு மட்டும். அதன் பங்கு சிறியது என்பதால் முழு எண்ணாகக்கூட மதிப்பதில்லை. 'ஃபைவ் பாயிண்ட் ஒன்' என்கிறார்களே, அந்தப் பாயிண்ட் ஒன் இதுதான். காதைவிட நாற்காலிக்கும் பாதத்துக்கும்தான் இது அதிகம் தெரியும்.

கதைக்கு முக்கியமானதை இதில் மட்டும் வைக்காதே என்று அண்ணன் தன்னிடம் வேலை பார்ப்பவர்களிடம் ஓயாமல் சொல்வான். வீட்டு டிவிக்காகப் படத்தை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது மற்ற ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து பிழைத்துக்கொள்ளும். ஆறாவதை வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

(இந்தக் கதையில் அடைப்புக்குறிகள்தான் என் ஆறாவது சேனல். அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.)

3

அவன் வேலை செய்த படத்தில் ஒரு காட்சி. சாயங்காலம், ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். அவ்வளவுதான். டைரக்டர் இங்கே எந்தச் சத்தமும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் தலையாட்டிவிட்டு, பாயிண்ட் ஒன்னில் மட்டும் ஒரு டீசல் வேனின் உறுமலைச் சன்னமாக ஓடவிட்டான். போட்டுக் காட்டியதும், இப்போதுதான் காட்சி நிற்கிறது, என்ன செய்தீர்கள் என்று டைரக்டர் கேட்டாராம். ஒன்றும் செய்யவில்லை என்று இவன் சாதித்திருக்கிறான்.

(வேன் எங்கள் தம்பியுடையது. டைல்ஸ், கட்டில், பழைய பீரோ, எதையும் ஏற்றிப் போவான். தெருமுனையில் திரும்பும்போதே சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கும். சின்னவன் வந்துட்டான் என்று அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். இன்ஜின் அணைந்ததும் போய்க் கதவைத் திறப்பாள். ஒரு மழைநாளில் லாரி மோதி, வேனும் அவனும் சேர்ந்தே போனார்கள். அம்மா அழவில்லை. அவனைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எந்த வண்டிக்கும் நடுங்காதபடி தட்டுகளை அலமாரியின் அடி அறைக்கு மாற்றினாள்.)

(முன்பு வேறு ஒரு படத்துக்கு லாரிச் சத்தம் தேவைப்பட்டபோது, அண்ணன், தம்பியின் வேனுக்கு அடியில் மைக்கை வைத்துப் பதிவு செய்திருந்தான். அதைத்தான் போட்டிருக்கிறான். தியேட்டரில் அம்மாவின் காலுக்குத் தெரியட்டும், ஒருமுறையாவது அழட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னான்.)

4

படம் தியேட்டருக்கே வரவில்லை. வாங்க ஆளில்லாமல் நேராக வீட்டுத் திரைகளுக்கு விற்றுவிட்டார்கள். அண்ணன் அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் ஒரு சப்வூஃபர் பெட்டியை வாங்கி வந்து அம்மாவின் டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். சுருக்கியவர்கள் யாராவது அக்கறையாக ஆறாவது சேனலையும் சேர்த்திருப்பார்கள் என்று நம்பினானாம். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் இப்படி நம்பினான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்சி வந்தது. பெண் வாசலில் நின்றாள். நான் சமையலறைக் கதவு வழியே தெரிந்த தட்டுகளைப் பார்த்தேன். அண்ணன் அம்மாவின் பாதங்களைப் பார்த்தான். பெட்டி சும்மா இருந்தது.

"இவ எதுக்குடா இங்க நிக்கிறா?" என்றாள் அம்மா. "யாரு வரப்போறாங்கன்னு?"

நான் தள்ளி வைத்த கேள்வி இதுதான்.

"யாரும் இல்லம்மா" என்றான் அண்ணன்.

5

முடிவுகள். ஒன்று: படம் எப்படியோ தியேட்டருக்கு வருகிறது, அம்மா வாய்விட்டு அழுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்று: சத்தமே இல்லாமல் அம்மாவுக்கு எல்லாம் புரிந்து... (அம்மாவைத் தெய்வமாக்கும் புத்தி எனக்கும் போகவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நிஜத்தில், அம்மாவை மிக்சிங் அறைக்கே கூட்டிப்போய்ப் போட்டுக்காட்டச் சொல்லி அண்ணனிடம் நான் நச்சரித்தேன். அவன் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை, அது சுத்தமாக இருந்தும், திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"போடலாம். வண்டி வரும். ஆனா நிக்காது."

புரியவில்லை என்றேன்.

"எனக்கு வேண்டியது கிடைச்சதும் ரெக்கார்டரை நிறுத்திட்டேன். அதுக்கப்புறந்தான் அவன் வண்டிய நிறுத்துனான். அணையுற சத்தம் எங்கிட்ட இல்ல. அது அணையுற வரைக்கும் அம்மா காத்துக்கிட்டே இருப்பா."

வேறு ஒரு வேன் அணையும் சத்தத்தை ஒட்டவைக்கக் கூடாதா, அதுதானே உன் தொழில் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றான்.

6

என்னாலும் ஒட்டவைக்க முடியும். 'இன்ஜின் ஒருமுறை குலுங்கி அணைந்தது.' பாருங்கள், எழுதிவிட்டேன். (இதையும் அடித்துவிடுகிறேன். அது யார் வண்டியோ.)

ஆகவே முடிவு உங்களிடம். அம்மா மிக்சிங் அறையின் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டோம், வெறும் பாதம் தரையில் இருக்கிறது. அண்ணன் வெளியே போய்விட்டான். எனக்குக் கை வரவில்லை. ஃபேடர் உங்கள் பக்கம் இருக்கிறது. ஏற்றுவதென்றால் ஏற்றுங்கள்.

(ஒன்று மட்டும். அம்மா எழுந்து அந்த அறையின் கதவருகே போய் நிற்பாள். எதற்கு நிற்கிறாய் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.)