வாண்டு தனியாகச் சறுக்கிய கதை

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எழுநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் யாருடைய சுண்டுவிரல் நசுங்கினாலும் அது என் தலையில்தான் விடியும். அதனால் எனக்கு ஏணியைக் கண்டால் பயம், ஈரத் தரையைக் கண்டால் பயம், ஓடும் குழந்தையைக் கண்டால் சொல்லவே வேண்டாம். வீட்டில் மேஜை முனை எல்லாவற்றுக்கும் ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். "மாப்ள, இது வீடா, கண்ணாடிச் சாமான் அனுப்புற பெட்டியா?" என்று வரும்போதெல்லாம் கேட்பார்.

இப்படிப்பட்ட என்னால்தான் என் மகளின் கால் உடைந்தது.

அவளுக்கு மூன்றரை வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். சறுக்குமரத்தில் தனியாகப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தனியாகத்தான் சறுக்கிக்கொண்டிருந்தன. அவர்களைப் பெற்ற புண்ணியவான்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்புக் கெட்டவர்கள் என்று மனசுக்குள் திட்டிவிட்டு நானே ஏறினேன். அவளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சறுக்கினேன். பாதி வழியில் அவளுடைய ஷூ ஓரத் தகட்டில் மாட்டிக்கொண்டது. தனியாகப் போயிருந்தால் அங்கேயே நின்றிருப்பாள். என் எண்பத்திரண்டு கிலோ நிற்குமா? அவளுடைய பாதம் அங்கே நின்றது, நாங்கள் இரண்டு பேரும் கீழே போனோம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மடியில வச்சு சறுக்கினீங்களா? இப்படித் திருகி உடைஞ்சா பெரும்பாலும் அதுதான் காரணம்" என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து என் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவளுக்கும் எனக்கும் மூன்று வருஷமாக ஒரே சண்டை. "நீங்க பிடிச்சுப் பிடிச்சே அவள முடமாக்கிடப் போறீங்க" என்பது அவள் கட்சி. ஆமாம், ஆக்கிவிட்டேன் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதைவிட, பெற்ற பிள்ளையின் எலும்பை நானே உடைத்தேன் என்பதை என் காதால் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

"இல்ல டாக்டர். நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள தனியா ஏறிட்டா" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வாண்டு வலியில் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தாள். மறுப்புத் தெரிவிக்கும் நிலையில் இல்லை.

தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம். என் மனைவி போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருக்கிறாள், அங்கே லீவு கேட்டால் அதுவே ஒரு புகார் ஆகிவிடும். நான் லீவு போட்டேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா!" என்று தொழிற்சாலையில் உருகினார்கள். நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சியை நாள் முழுக்க என் கண் பார்வையில் வைத்திருப்பது நல்லது என்று நான் கணக்குப் போட்டது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

வேலை ஒன்றும் லேசு இல்லை. கட்டோடு அவளைத் தூக்குவது சிமென்ட் மூட்டைக்குப் பாவாடை கட்டித் தூக்குவது மாதிரி. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை கட்டுக்கு, கதவு நிலையில் இடிக்காமல் பக்கவாட்டில் நடக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன்னால் விட்ட டயாப்பரை மறுபடியும் கட்டியபோது, "நான் பாப்பா இல்ல!" என்று என் முகத்தில் உதைத்தாள், நல்ல காலால். குளிப்பாட்டும்போது கட்டுக்கு பிளாஸ்டிக் பை மாட்டி டேப் ஒட்டினேன். உள்ளே அரிக்கிறது என்று ஸ்கேல் கேட்டு அழுவாள். ஸ்கேல் விட்டால் தோல் கிழியும். முடி உலர்த்தும் மெஷினைக் குளிர்காற்றில் வைத்து, கட்டின் வாய்க்குள் ஊதிவிடுவேன். கண்ணை மூடிச் சிரிப்பாள். அந்த நேரத்தில் மட்டும் நான் நல்ல அப்பா என்று எனக்கே தோன்றும்.

கால்விரல் நிறம் எப்படி இருக்கிறது, சூடாக இருக்கிறதா, எப்போது சாப்பிட்டாள், எப்போது வெளிக்குப் போனாள் என்று எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் என் கையெழுத்து. மச்சான் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

"கக்கா போனதுக்குக்கூட கையெழுத்தா? இவ்வளவு பாக்குற ஆளு, அன்னைக்கு எப்படி கண்ண எடுத்தீங்க?"

"ஒரு நொடிதான் மச்சான்."

"யானைக்கும் அடி சறுக்கும். விடுங்க மாப்ள" என்று தோளில் தட்டினார். சறுக்குமரத்தில் ஏறியதே யானைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சாட்சி சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா தலை வாரிவிடும்போது, "நான் அப்பா மடியில சறுக்குனேன்" என்றாள். நான் பால் டம்ளரோடு அவசரமாக நடுவில் புகுந்தேன்.

"ஆமாடா, அப்பா மடியில வச்சுத்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றேன்.

"பாவம், வலியில எல்லாம் குழம்பிப்போச்சு குழந்தைக்கு" என்றாள் மனைவி. வாண்டு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அதற்குள் பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். மாடி வீட்டுத் தையல்காரம்மா, மழலைப் பள்ளி டீச்சர், என்னோடு வேலை செய்கிறவர்கள், மனைவியின் ஆபீஸ்காரர்கள். சோபாவில் தலையணை மேல் காலை நீட்டி வாண்டு படம் வரைந்துகொண்டிருப்பாள். வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்பார்கள். நான் சொல்வேன்.

முதல் வாரம் நான் வெறுமனே திரும்பி நின்றிருந்தேன். இரண்டாம் வாரம் குனிந்து என் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் வாரத்தில் நான் பாய்ந்து போய், அவளைப் பிடிக்க அரை அடிதான் பாக்கி இருந்தது. வாண்டுக்குக் கால் சேர்வதற்குள் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அவள் பக்கம் திரும்புவார்கள். "தனியா ஏறலாமா கண்ணு? அப்பா பேச்சக் கேக்கணும் இல்ல?"

"நான் ஏறல" என்றாள் தையல்காரம்மாவிடம். டீச்சரிடமும் அதையே சொன்னாள். நான்காம் வாரத்தில் பதில் பேசாமல் கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வாரம் மனைவியின் ஆபீஸ்காரர் கேட்டபோது, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் என் பிழைப்பே இதுதான். தினமும் காலையில் ஷிப்டு தொடங்கும் முன் பத்து நிமிஷம், அதே பேச்சு, அதே வார்த்தை. நாற்பது தடவை சொன்னால் எப்பேர்ப்பட்ட மண்டையிலும் ஏறும் என்று புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். ஆனால் அவள் தலையாட்டியபோது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

கட்டைப் பிரிக்கும் நாளில் மூன்று பேரும் போனோம். அறுக்கும் மெஷினின் சத்தத்துக்கு வாண்டு கத்திய கத்தலில் ஆஸ்பத்திரியே இரண்டுபட்டது. டாக்டர் அதைத் தன் உள்ளங்கையில் ஓட்டிக் காட்டினார், வெட்டவில்லை. கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு துண்டு கிரேயான், என் சட்டைப் பொத்தான், பாதி பிஸ்கட் எல்லாம் விழுந்தன. என் அட்டவணையில் ஒன்றுகூட ஏறவில்லை. கால் மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய காலோ மாதிரி இருந்தது.

"கொஞ்ச நாள் நொண்டுவா, தானா சரியாயிடும்" என்றார் டாக்டர். அவளுடைய கன்னத்தைத் தட்டி, "என்னம்மா, இனிமே சறுக்குமரம் பக்கம் போவியா?" என்று கேட்டார்.

"போவேன்" என்றாள் வாண்டு. "ஆனா தனியா போக மாட்டேன். தனியா போனா கால் உடைஞ்சிடும். அப்பா மடியிலதான் போவேன்."

மனைவி அவளை அப்படியே அள்ளி முத்தம் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "நான்தான் உங்கள அநியாயமாத் திட்டிட்டேன். நீங்க பிடிச்சுக்கிட்டா தப்பே இல்ல. நல்லா நடக்க ஆரம்பிச்சதும் முதல் வேலையா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய் மடியில வச்சு ஒரு தடவ சறுக்கிட்டு வாங்க. அவ பயம் போகட்டும்" என்றாள்.

மூன்று வருஷமாக நான் காத்திருந்த வெற்றி அது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மெலிந்த கால் என் மடியிலிருந்து தொங்குவது எனக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"மடியிலதான் உடைஞ்சது" என்றேன்.

"எந்த மடி?" என்றாள் மனைவி.

"என் மடி. அவ தனியா ஏறவே இல்ல. நான்தான் ஏத்தினேன். பயந்து பொய் சொல்லிட்டேன்."

தினமும் நூறு பேருடைய கோபத்தைக் கேட்கிறவள் அவள். சட்டென்று கத்த மாட்டாள். அந்தப் பிளந்த கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். "வாண்டு, நீ எந்தத் தப்பும் பண்ணலடா. அப்பாதான் உன்ன மடியில வச்சு சறுக்கினேன். அப்பாவாலதான் உடைஞ்சது" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இல்லப்பா. நீ ஷூ லேஸ் கட்டிட்டு இருந்த. நான்தான் ஓடிப்போய் ஏறிட்டேன். நீ பிடிக்க வந்த, இவ்ளோதான் பாக்கி இருந்துச்சு. மறந்துட்டியா?" என்று இரண்டு கையையும் அரை அடிக்கு விரித்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதப்பா. இனிமே நான் அப்படிப் பண்ண மாட்டேன்."