அவிட்டத்தில் அடைத்த வீடு

சின்னையன் செத்த நேரம் சரியில்லை என்று வள்ளுவர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னபோது, எல்லம்மாளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனுஷனுக்கு எந்த நேரம் சரியாக இருந்தது, சாகிற நேரம் மட்டும் சரியாக இருக்க?

"அவிட்டம்," என்றார் வள்ளுவர். சேரியில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாள் பார்த்துச் சொல்பவர் அவர்தான். "அடைப்பு நட்சத்திரம். வூட்டை ஆறு மாசம் அடைச்சிப் போடணும். உள்ளே அடுப்பு எரியக் கூடாது, ஆளு படுக்கக் கூடாது. மீறினா அதே வூட்டுல இன்னொரு உசுரைக் கூட்டிகினு பூடும்."

இன்னொரு உயிர் என்றால் யார்? எல்லம்மாளும் மகள் வேண்டாவும்தான் மிச்சம். மூத்தது இரண்டும் தங்காமல் போனதால், எமனும் இதை வேண்டாமென்று விட்டுப் போகட்டும் என்று வைத்த பெயர் அது. அவள் அப்பன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

மகாபலிபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டினாற்போல் இருக்கிறது மேட்டுச்சேரி. சேரி நிற்கிற மண் தன் பாட்டன் சொத்து என்பார் மிராசுதார். அவர் நிலத்தில் வாய் திறக்காமல் உழைக்கிற வரைக்கும் குடிசை நிற்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் மறுநாள் காரியஸ்தர் ஆட்களோடு வந்து கூரையைப் பிரித்துப் போட்டுவிடுவார். சின்னையன் பொடியனாக இருந்தபோது, கூலி நெல்லில் பாதி பதர் என்று அவன் அப்பன் சொன்னதற்காக, ஒரு மழைக்காலம் முழுக்கக் குடும்பமே புளியமரத்தடியில் கிடந்தது.

அதை அவன் மறக்கவில்லை. வளர்ந்ததும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தான். திருக்கழுக்குன்றத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பஷீருதீன்தான் சங்கத்தின் தாலுகா செயலாளர். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் உட்கார்ந்து கோஷம் போட. செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் படுத்தார்கள். போலீஸ் தூக்கி வெளியே போட்டது. மறுபடியும் போய்ப் படுத்தார்கள். கடைசியாக அந்த ஐப்பசியில், குடியிருக்கும் மனை எங்களுக்கே வேண்டும் என்று ராஜ்யத்தின் நாலா மூலையிலிருந்தும் ஜனங்கள் பட்டணத்துக்கு நடந்தபோது, மேட்டுச்சேரியின் கொடியைப் பிடித்துக்கொண்டு சின்னையனும் நடந்தான். மகாபலிபுரத்தில் பிடித்த மழை கோட்டை வாசல் வரைக்கும் விடவில்லை.

உத்தரவு வந்தது. நத்தத்தில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே மனைப்பட்டா. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, அடுப்பெரிகிற வீடா, ஆளிருக்கிற வீடா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். இந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சுச் சளியோடு பாயில் படுத்தவன்தான் சின்னையன். எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த பஷீருதீன் புறப்படும்போது எல்லம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இப்ப சொல்ற பேச்சில்ல இது. ஆனா சொல்லாம போனா அவன் என்னை மன்னிக்க மாட்டான். வூட்டை மட்டும் வுட்டுடாதே. இன்ஸ்பெக்டர் இன்னிக்கி வருவானோ, அடுத்த மாசம் வருவானோ தெரியாது. காரியஸ்தன் வேற கண்கொத்திப் பாம்பா கீறான். ஒரு வூடு காலின்னாலும் அதை மிராசுதார் பேர்ல திருப்பிடுவானுங்க."

"நான் எங்கே போவப் போறேன் பாய்," என்றாள் எல்லம்மாள்.

அடைப்பைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியாது. அவர்கள் வீட்டில் சாவுக்கு நட்சத்திரம் பார்க்கிற வழக்கமில்லை.

கருமாதி முடிந்ததும் சின்னையனின் தங்கை செங்கம்மாள் வந்தாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள்.

"அண்ணி, சட்டி பானையை எடு. நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"நான் வரல, செங்கம்மா."

"வராம? ஊருக்குப் புதுசா ஒரு சட்டம் போடப் போறியா?"

"உங்கண்ணன் போட்ட சட்டம்தான். ஆளு இருக்கற வூட்டுக்குத்தான் பட்டா."

"எங்கண்ணன் செத்தும் சங்கத்துக்கு வேலை பாக்கணுமா?" செங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். "உன் உசுரு உன் இஷ்டம். குழந்தை எங்க வூட்டு ரத்தம். அதை வெச்சி விளையாடாதே."

எல்லம்மாள் அசையவில்லை. அன்று மாலை அவள் அடுப்பு மூட்டினாள். கூரைக்கு மேலே புகை கிளம்பியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை. நெருப்புத் துண்டு வாங்கக்கூட எவரும் வரவில்லை. அவள் நாற்று நடப் போனால் வரிசையில் இரண்டு பக்கமும் இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். யாரும் வையவில்லை, ஏசவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். வைதிருந்தால் எல்லம்மாள் பதிலுக்கு நன்றாக வைதிருப்பாள். அவள் வாய்க்குக் காரியஸ்தரே கொஞ்சம் பயந்தவர்தான்.

பயத்துக்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம் வேண்டாவுக்குக் காய்ச்சல் வந்தது.

மழைக்காலத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் காய்ச்சல் வராது? எல்லம்மாள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. குழந்தை மூலையைப் பார்த்துக்கொண்டே, "நைனா வந்து உக்காந்துகினு கீது," என்று சொன்னபோதுதான் எல்லம்மாள் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு அதை வாரி எடுத்தாள். மூத்தவள் போவதற்கு முன்னும் இப்படித்தான் எதையோ பார்த்துப் பேசினாள்.

கதவு தட்டாமலே திறந்தது. செங்கம்மாள் நின்றாள். அடைப்பு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னவள், இரண்டு காலையும் வைத்து உள்ளே வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது," என்றாள். "நீ சொல்லு அண்ணி. புள்ளை வேணுமா, வூடு வேணுமா?"

எல்லம்மாள் எழுந்து அடுப்பருகே போனாள். தண்ணீர் ஊற்றி அதை அவித்தாள்.

வாசலில் கருவேல முள்ளை வெட்டிவந்து குறுக்கே அடைத்தார்கள் தெரு ஆண்கள். அப்படி அடைப்பதுதான் வழக்கம். அடைத்தபோது அவர்கள் அவளுக்குத் தைரியம் சொன்னார்கள். "ஒண்ணும் கவலைப்படாதே அண்ணி. இன்ஸ்பெக்டர் வரட்டும். இது சின்னையன் வூடுதான்னு தெருவே சொல்லுவோம். இத்தினி பேர் வாயை எவன் மூடுவான்?" அவர்கள் மனசார நம்பினார்கள். ஒருவருக்கொருவர் சாட்சி என்றால் அவர்களுக்குள் அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. எல்லம்மாளும் நம்பினாள். செங்கம்மாள் வீட்டுக்குப் போனபின் வேண்டாவுக்குக் காய்ச்சல் விட்டதும், அடைத்தது சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு காலை வேளையில் வந்தார். கையில் குடை, பின்னால் தலையாரி, பக்கத்தில் காரியஸ்தர். ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து அடுப்பைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், எழுதினார். முள் அடைத்த வாசலில் வந்து நின்றார்.

"இது ஆளில்லாத கொட்டாய்ங்க," என்றார் காரியஸ்தர் பவ்யமாக.

எல்லம்மாள் முன்னால் வந்தாள். "என் வூடுங்க. நான்தான் இதுல குடியிருக்கறவ."

"ஆமாங்க சாமி, சின்னையன் வூடு. அடைப்பு வூடுங்க. ஆறு மாசம் ஆவணும்," என்று தெருவே ஒரு குரலில் சொன்னது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எல்லம்மாளுக்கு அப்புறம் நினைத்து நினைத்து வலித்தது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அடைப்பு எனக்கும் தெரியும்மா. எங்க அம்மா போனது சதயத்துல. நாங்களும் வீட்டைப் பூட்டிட்டு வாடகை வீட்ல இருந்தோம். ஆனா ரிப்போர்ட்ல அடைப்புன்னு எழுத எனக்கு இடம் கிடையாது. ஆள் இருக்கா, இல்லையா. அடுப்பு இருக்கா, இல்லையா. அவ்வளவுதான் கேக்கறாங்க. நேத்தாவது நீ இதுல சோறாக்கினியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். கூரை ஓட்டை வழியாக இறங்கிய மழையில் அடுப்பு கரைந்து சேறாகியிருந்தது. முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றே அது தெரிந்தது.

"இல்லைங்க," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். காரியஸ்தர் அந்தப் பக்கம் திரும்பி மூக்குப்பொடி போட்டார்.

அடுத்த வாரமே மிராசுதார் ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்தார்கள். தெரு ஆண்கள் தடியெடுத்தபோது எல்லம்மாள்தான் தடுத்தாள். கலாட்டா என்று ஒரு வார்த்தை மேலே போனால் மற்றவர்களின் பட்டாவும் நின்றுவிடும். ஓலை ஓலையாக இறங்கியது. வேண்டா தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா உள்ளே கீதுன்னு அத்தை சொன்னாங்களே. இப்ப நைனா எங்கே படுக்கும்?"

செங்கம்மாள் முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தை மாதம் செங்கல்பட்டுத் தாலுகா ஆபீசில் பட்டா கொடுத்தார்கள். மேட்டுச்சேரி முழுக்கத் திரண்டு போயிற்று. பஷீருதீன் கடையைச் சாத்திவிட்டு முன்னாலேயே வந்து காத்திருந்தார். எல்லம்மாளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்று தொடங்கினார்.

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே பாய்? நட்சத்திரத்தை மாத்தியிருப்பியா?"

"அப்பீல் போடலாம் தங்கச்சி. மாநாட்டுல தீர்மானம் போடலாம். அடைச்ச வூடும் குடியிருக்கற வூடுதான்னு கோட்டை வரைக்கும் மறுபடி போவலாம்."

"போடு. என் ஒருத்தி பேரை மட்டும் போடாதே. ராஜ்யம் பூரா எத்தினி வூட்டுல முள்ளு வெச்சிருக்காங்களோ, அவங்களுக்கும் சேர்த்துப் போடு." அவள் வேண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அவரு இருந்தா அப்படித்தான் சொல்லுவாரு."

முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பெயரையும் கூப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் செங்கம்மாள்தான் எழுந்து சொன்னாள்:

"எங்கண்ணிக்கு இல்லாத பட்டா எங்களுக்கு வாணாங்க. நாங்க பேசி வெச்சிகினுதான் வந்தோம்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எனக்கு மத்த ஊரெல்லாம் இருக்கு."

எல்லம்மாள் மேஜைப் பக்கம் திரும்பினாள். அதை ஒட்டி, யாருக்காகவோ காத்திருப்பவர் போல், காரியஸ்தர் நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது. அவள் செங்கம்மாளின் கையைப் பிடித்தாள்.

"எனக்குப் பாவம் பாக்கறீங்களா? எனக்கு மட்டும் ஒரு வூடு வாங்கவா உங்கண்ணன் மழையில நடந்தாரு?"

"முள்ளு வெச்சது நாங்க, அண்ணி. கூப்பிட்டுகினு போனது நான்."

"ஆமா. நீதான் கூப்பிட்டே. புள்ளை உசுரோட கீது." எல்லம்மாள் அவள் கையை விடவில்லை. "இன்னிக்கி நீங்க வாங்காம போனா எனக்குப் போனது ஒரு வூடு இல்ல. அவரையும் சேர்த்துப் பறி குடுத்துட்டுப் போறேன். போ. முதல்ல நீ போ."

செங்கம்மாள் போனாள். போகும்போது அழுதுகொண்டே போனாள். மை தடவிய கட்டை விரலைக் காகிதத்தில் வைக்கத் தெரியாமல் இழுத்துவிட்டாள்; குமாஸ்தா வேறு இடம் காட்டி மறுபடி வைக்கச் சொன்னார். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பட்டா வாங்கியவர்கள் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து, எல்லம்மாள் கண்ணில் படாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் பக்கம் பார்க்காமல் வெளியே போனார்கள். அவள் ஒவ்வொரு பெயரையும் கேட்டாள். யாராவது எழுந்திருக்கத் தயங்கினால் கண்ணாலேயே விரட்டினாள்.

கடைசி ஆளும் போன பிறகு குமாஸ்தா நிமிர்ந்தார். நடுக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை மட்டும், தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் பேர் என்னம்மா? உன்னைக் கூப்பிடலையா?"

"இல்லைங்க," என்றாள் எல்லம்மாள், குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டே. "நான் அவங்ககூட வந்தவ."