நீல மருந்தும் நீண்ட உரையும்

ஒன்பது மாடி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. முகத்தைப் பார்த்தே மாடியைச் சொல்லிவிடுவாள். எட்டு மாதத்துக்கு முன்பு ஊழியர்கள் ஒவ்வொருவராகப் படிக்கட்டுக்கு மாறினார்கள். அவர்களுடைய உடற்பயிற்சி ஆர்வத்தைப் பாராட்டி மேலாளர் சுற்றறிக்கையே ஒட்டிவிட்டார். காரணம் அவளுக்குத் தெரியும். அடைத்த பெட்டிக்குள் மூத்திர வாடை எத்தனை சென்டுக்கு அடங்கும்? மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓட்ட ஆளில்லாமல் லிஃப்ட் பூட்டியே கிடந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மூன்றாவது குழந்தை வேண்டாமென்று அவளும் கணவனும் முடிவெடுத்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். தெரிந்தவர் கண்ணில் படுமே என்று, பெயருக்குப் பின்னால் பாதி அரிச்சுவடி தொங்கிய ஒரு டாக்டர் பலகையை நம்பிப் போனார்கள். மாத்திரைக்குக் கரு கலையவில்லை. பலகைக்குச் சொந்தக்காரர் கருவியை உள்ளே விட்டுச் சுரண்டினார். கர்ப்பப்பை கிழிந்ததோடு பக்கத்திலிருந்த மூத்திரப்பையும் ஓட்டையானது. உயிர் தப்பியது, ஆனால் அன்றிலிருந்து அவளைக் கேட்காமலே, இரவும் பகலும் மூத்திரம் ஒழுகியது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட சின்ன டாக்டரம்மா இரண்டரை மணி நேரம் குனிந்து அந்த ஓட்டையைத் தைத்தார். மூன்று வாரம் குழாயோடு கிடந்தாள். இன்று பரீட்சை. மூத்திரப்பையில் நீல மருந்தை நிரப்பிக் குழாயை எடுத்துவிட்டு, பெண்ணுறுப்புக்குள் மூன்று பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சில் நீலம் பட்டால் மறுபடி கத்தி. படாவிட்டால் வீடு, லிஃப்ட்.

"கால் மணி நேரம் நடம்மா, எடுத்துப் பாத்துடலாம்" என்றாள் நர்ஸ்.

கால் மணி ஆகும்போது தலைமை மருத்துவர் பன்னிரண்டு பேரோடும் ஒரு போட்டோக்காரரோடும் நுழைந்தார்.

"பஞ்சை யாரும் தொடாதீங்க. முதல்ல நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

இரண்டு வார்த்தை ஆதிகாலத்து மருத்துவத்தில் தொடங்கியது. அங்கிருந்து 'என் கைகள்' வரை வரவே அரை மணி ஆனது. அறுவை சிகிச்சை நடந்த அன்று அந்தக் கைகள் வெட்டியது ஒரு மாநாட்டு ரிப்பனை மட்டுமே. சின்ன டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கட்டிலோரம் நின்றிருந்தவளுக்கு அடிவயிறு இறுகியது. போச்சு, தையல் பிரிந்துவிட்டது என்று முதலில் பயந்தாள். கால்களை ஒட்டிப் பார்த்தாள். ஈரமில்லை. பிறகுதான் உறைத்தது: இது முட்டல். எட்டு மாதமாக மறந்துபோன முட்டல்.

நர்ஸ் காதருகே வந்தாள். "அடக்க முடியலைன்னா சொல்லும்மா, அவரை நிறுத்திடறேன்."

"வேணாம் சிஸ்டர், பேசட்டும். நல்லாத்தான் பேசறாரு."

"இதுவா நல்லா இருக்கு?"

"முட்டுது சிஸ்டர்!" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணீரைத் தலைமை மருத்துவர் பார்த்தார். தம் பேச்சின் மகிமை என்று முடிவு கட்டி இன்னும் பத்து நிமிடம் நீட்டினார்.

ஒருவழியாகத் திரையை இழுத்துவிட்டு நர்ஸ் பஞ்சுகளை எடுத்துக் காட்டினாள். மூன்றும் பாலாக வெளுத்திருந்தன. கைதட்டல் எழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவள் வேகமாக வந்ததும் தலைமை மருத்துவர் போட்டோவுக்கு வாகாகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய் சின்ன டாக்டரம்மாவின் கைகளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, நேரே கழிப்பறைக்கு ஓடினாள். போட்டோவில் நீட்டிய கை மட்டும் விழுந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவில் கணவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடி ஆச்சு?"

"நான் நெனச்சப்பதாங்க போச்சு! நீலமா!"

"மெதுவா சொல்லேன், ஊரே பாக்குது."

"பாக்கட்டுங்க."

உடம்பு தேற இரண்டு மாதமானது. பிறகு லிஃப்ட் அக்கா வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் கணக்குப்பிரிவு ஆள் ஒருவர் ஏறி, தும்முவதுபோல் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சௌக்கியமாக்கா?" என்றார். அந்த வாரக் கடைசிக்குள் படிக்கட்டு வெறிச்சோடிவிட்டது.

மேலாளர் லிஃப்டுக்குள் நெருக்கியடித்து ஏறினார். "என்னம்மா இது? பாராட்டி சுற்றறிக்கையெல்லாம் போட்டேன், ஒருத்தரும் படியேற மாட்டேங்கறாங்க?"

"எல்லாருக்கும் முழங்கால் வலியாம் சார்" என்றாள் அவள். "உங்களுக்கு எட்டாவது மாடிதானே?"