தேத்தண்ணியோடு விழுங்கிய மாத்திரை

"எங்கள் தேயிலையில் நிறைந்திருக்கும் அன்டிஒக்சிடன்ட்கள் உங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் பாதுகாக்கும்!"

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் தேயிலை பெக்டரிக்கு வரும் பார்வையாளர்களிடம் இதைச் சொல்வதுதான் ஜெயந்தினியின் வேலை. மூன்று மொழியிலும் சொல்வாள். சில மாதங்களாக மூன்று மொழியும் தவளைக் குரலில் வந்தன. கழுத்து லேசாக வீங்கியிருந்தது. தைராய்டு என்று கிளினிக்கில் தந்த மாத்திரையைத் தவறாமல் போட்டும், செருப்பு மாட்டுவதற்குள் களைத்துப் போனாள்.

மனேஜர் நிரஞ்சன் கூப்பிட்டுவிட்டார். அவர் உடம்பில் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், அதன்மேல் மஃப்ளர். முன்னால் கிரீன் டீ.

"ஆரோக்கியத்தப் பத்திப் பேசுற பொண்ணே நோயாளி மாதிரி பேசினா தேயிலை பெக்கெட் யாரு வாங்குவா? சீசனுக்குள்ள சரியாகலன்னா பெரட்டுக்குப் போயிரு. கொழுந்தெடுக்கக் குரல் வேணாம்."

கொட்டாவி விட்டுக்கொண்டேதான் மிரட்டினார். ஆனாலும் ஜெயந்தினிக்கு அது வெறும் மிரட்டலாகப் படவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் நின்று, கூடையோடு மலையேறி, முதுகைத் தேய்த்த அம்மாதான் அவளைப் படிக்க வைத்தாள்.

மறுநாள் ஹட்டனில் டொக்டர் ஷாமிலாவிடம் போனாள்.

"மாத்திரைய எப்பிடிப் போடுறீங்க?"

"வெறும் வயித்துல, டொக்டர். கிரீன் டீயோட."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தேத்தண்ணியோடயா?"

"அதுல அன்டிஒக்சிடன்ட் இருக்குல்ல? தைராய்டைப் பாதுகாக்கும்ல?"

"யாரு சொன்னா?"

"நான்தான். தினமும் சொல்றேன்."

டொக்டர் சிரித்தே விட்டார். "தைராய்டுக் கலம் ஹோர்மோன் செய்றதுக்காக ஹைட்ரஜன் பெரொக்சைட்டத் தானே உண்டாக்குது. புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதேதான். மிஞ்சினா கலத்தையே அரிச்சிரும். அதனால உள்ளுக்குள்ளயே சில என்சைம்கள் காவலுக்கு நிக்குது. குளுட்டதயோன் பெரொக்சிடேஸ், கெட்டலேஸ்னு பேரு. மிஞ்சினதப் புடிச்சித் தண்ணியா மாத்திரும்."

ஜெயந்தினி யோசித்தாள். "பெக்டரியில கொழுந்து ஒக்சிடைஸ் ஆகுறப்ப, பதம் பார்த்து ட்ரையர்ல போட்டு நிறுத்துவோம். பிந்தினா சரக்கு கெட்டுரும். அந்த மாதிரியா?"

"ஏறக்குறைய அப்பிடித்தான். ஆனா அந்தக் காவல்காரனக் கோப்பையில ஊத்தி உள்ளுக்கு அனுப்ப ஏலாது. கலமேதான் செஞ்சிக்கணும். மீன், முட்டையில இருக்கிற செலீனியம் அதுக்கு உதவும்."

"அப்ப தேத்தண்ணி என்ன செய்யுது?"

"உங்க மாத்திரைய உடம்புல சரியாச் சேர விடாம மறிக்குது! தண்ணியோட போடுங்க. ஒரு மணித்தியாலம் போனாப் பிறகு ஆசைக்குக் குடிங்க."

அப்படியே செய்தாள். சீசன் தொடங்குவதற்குள் குரல் மணி போல் திரும்பியது. நிரஞ்சனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கூடவே ஒரு யோசனையும் வந்துவிட்டது.

"இனிமே உன்னையே உதாரணமாக் காட்டு. கிரீன் டீ குடிச்சித்தான் தைராய்டு சுகமாச்சின்னு சொல்லு."

"அது பொய்யில்லையா, சேர்?"

"விளம்பரம். ஏலாதுன்னா பெரட்டு இருக்கு."

அடுத்த நாள் காலையிலேயே கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லார் கையிலும் கிரீன் டீ. நிரஞ்சன் வாசலில் நின்று தலையாட்டினார்.

"எனக்கும் தைராய்டு இருந்தது..." என்று ஜெயந்தினி தொடங்கினாள்.

முன்னால் நின்ற பெண் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, பஸ்ஸுக்கு ஓடி வந்ததுல என் தைராய்டு மாத்திரைய மறந்துட்டேனே!" கைப்பையிலிருந்து எடுத்து நாக்கில் வைத்தாள். கோப்பையைத் தூக்கினாள்.

"அக்கா, அதக் குடிக்காதீங்க!"

மணிக்குரல் கூரைத் தகரம்வரை போனது. அத்தனை பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகென்ன, தண்ணீரைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கமாக அவள் பேசும்போது போன் நோண்டுகிறவர்கள், அன்றைக்கு வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"ஒபிசுக்கு வா," என்றார் நிரஞ்சன்.

கூடையின் கயிறு தலையில் அழுந்துவதுபோல் இருந்தது அவளுக்கு. நிரஞ்சன் கதவைச் சாத்தினார். மஃப்ளரைக் கழற்றினார். அவர் கழுத்தும் லேசாக வீங்கித்தான் இருந்தது. மேசை லாச்சியைத் திறந்து, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அவள் பையிலிருக்கும் அதே அட்டை. பக்கத்தில் கிரீன் டீ ஆவி பறந்தது.

"அரை மணித்தியாலமா, ஒரு மணித்தியாலமா?" என்று கிசுகிசுத்தார்.

"ஒரு மணித்தியாலம், சேர்."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நாளையிலருந்து இதையும் சொல்லு," என்றார் கடைசியில். "ஆனா பெக்கெட் வித்து முடிஞ்சாப் பிறகு."